ஓய்வு நாளில் ஓட்டிய தண்ணீர் வண்டி

போன வருஷம் ஜமாபந்தி நடந்த வாரத்தில்தான் அந்த போன் வந்தது. நான் ஆலங்குடி தாலுகா அலுவலகத்தில் உதவியாளர். வாசலில் பந்தல் போட்டு, கிராமம் கிராமமாக மனு வாங்கிக்கொண்டிருந்தோம். பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றதால் இரண்டு முறை எடுக்காமல் விட்டேன். மூன்றாவது முறை எண்ணைப் பார்த்தேன். வெளிநாட்டு எண். ஆனால் என் கணவருடையது இல்லை.

பேசியவர் தன்னைச் சுபேதார் மோகனன் என்று சொல்லிக்கொண்டார். மலையாளம் கலந்த தமிழ். ஹவில்தார் பழனிவேலுக்குக் காலில் காயம், உயிருக்கு ஆபத்தில்லை, உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார், கவலைப்பட வேண்டாம் என்று ஒரே மூச்சில் சொன்னார். நான் எழுந்து பந்தலுக்குப் பின்னால் போய் நின்றேன். என்ன காயம் என்று கேட்டேன். காலில்தான் என்று மறுபடியும் சொன்னார்.

என் கணவர் ராணுவத்தில் டிரைவர். அமைதி காக்கும் படையோடு, உகாண்டாவுக்குப் பக்கத்து நாடான தெற்கு சூடானுக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. முகாமில் லாரி ஓட்டுவதுதான் வேலை, சண்டை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அடிபட்ட பிறகு தினமும் வீடியோவில் பேசினார். முகம் மட்டும் தெரியும். கழுத்துக்குக் கீழே ஒரு நாளும் காட்டவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு, நான் வந்து பார்க்க வேண்டும் என்று அவருடைய படைப்பிரிவுக்கு எழுதினேன். உறவினர் ஒருவர் வரலாம் என்று பதில் வந்தது.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பியைப் பார்ப்பதற்காக எடுத்து வைத்த பாஸ்போர்ட் கையில் இருந்தது. உகாண்டாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி வேண்டும் என்றார்கள். சென்னைக்குப் போய்ப் போட்டுக்கொண்டேன். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் உள்ளே விடுவார்களாம். அந்தப் பத்து நாளும் ஆபீஸ் போனேன். வீட்டில் உட்கார முடியவில்லை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் யாழினியை எங்கள் ஊரான திருவரங்குளத்திலேயே என் அக்கா வீட்டில் விட்டேன். கிளம்பும்போது அவள், "அப்பா நடக்குற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பும்மா," என்றாள். சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

விமானம் இறங்கும்போது கீழே கடல் மாதிரி ஒரு ஏரி விரிந்து கிடந்தது. கரையெல்லாம் செம்மண். எங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. சுங்கச் சோதனையில் ஒரு பெண் அதிகாரி என் பையைத் திறந்து பருப்புப்பொடி டப்பாவை மோந்து பார்த்தார். என்ன மருந்து என்று கேட்டார். சோற்றில் போட்டுச் சாப்பிடுவது என்றேன். நம்பவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைத்துக் காட்டினேன். அவரும் வைத்துப் பார்த்தார். காரம் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

வெளியே என் பெயர் எழுதிய அட்டையோடு யாராவது நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் இல்லை. ஒரு மணி நேரம் நின்றேன். ஐசக் என்ற டாக்ஸிக்காரர் என் முழியைப் பார்த்துவிட்டுத் தன் போனைக் கொடுத்தார். அதில் மோகனனைக் கூப்பிட்டேன். அவருடைய கார் வழியில் சூடாகி நின்றுவிட்டதாம். டாக்ஸியிலேயே வந்துவிடுங்கள் என்றார். ஐசக் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மருத்துவமனைக்கு என்றதும், "எங்கள் ஆட்கள்தான் வைத்தியத்துக்கு உங்கள் நாட்டுக்குப் போவார்கள். நீங்கள் எதற்கு இங்கே வருகிறீர்கள்?" என்றார். சொன்னேன்.

சாலையோரம் பலாப்பழத்தைச் சுளை சுளையாகப் பிரித்துப் பையில் போட்டு விற்றார்கள். எங்கள் வடகாடு, மாங்காடு பக்கம் சீசனில் எப்படியோ அப்படி. ஊரை நெருங்கியதும் வண்டிகள் அசையாமல் நின்றன. மழை வேறு பிடித்துக்கொண்டது. இனி மோட்டார் சைக்கிள்தான் போகும் என்று ஐசக் என்னை இறக்கிவிட்டு ரோட்டைப் பார்த்துக் கையசைத்து, "போடா, போடா" என்று கூப்பிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அங்கே வாடகை மோட்டார் சைக்கிளுக்குப் பெயரே போடாதான். எட்டுப் பத்து போடாக்கள் வந்து நின்றன. சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். ஒரு மேட்டில் ஏறும்போது பின் சக்கரம் வழுக்கி, நான் பையோடு சேற்றில் விழுந்தேன். ஓட்டியவர் பதறிப்போய் என்னைத் தூக்கி உட்காரவைத்து, மீதி தூரத்தை நடை வேகத்தில் ஓட்டினார்.

மருத்துவமனை வாசலில் மோகனன் நின்றார். ஐம்பது வயதிருக்கும். அவரும் நனைந்திருந்தார். மாடிக்குப் போவதற்கு முன் உட்காரச் சொன்னார். "மேடம், ஒரு காரியம் பறயணும். போனில் சொல்லக்கூடாதுன்னு அவர்தான் சொன்னது. இடது கால், முட்டிக்குக் கீழே இல்லை."

வாசலில் ஒரு குழாய் இருந்தது. அங்கே போய்ச் சேலையிலிருந்த சேற்றைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன் போலிருக்கிறது. மோகனன் வந்து குழாயை மூடினார்.

என் கணவர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் சீக்கிரமே தாழ்ந்துவிட்டது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க விழுந்த?" என்றார்.

போடாவில் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. யாழினி கேட்ட வீடியோவைப் பற்றிச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "ஊருக்கு வந்து நானே சொல்லிக்கிறேன்," என்றார்.

இரண்டாம் நாளிலிருந்து எனக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் தங்கும் அறையிலிருந்து நடந்து வருவேன். மருத்துவமனைக் கூரையில் ஆள் உயரக் கொக்குகள் நிற்கும். தலையில் முடியில்லாமல், கழுத்தில் ஒரு பை தொங்க, உள்ளே போகிறவர்களைக் கணக்குப் பார்ப்பது போலக் குனிந்து பார்க்கும். மதியம் வாழைக்காயை வாழை இலையில் கட்டி வேகவைத்து, மசித்து, கடலைக் குழம்பு ஊற்றித் தருவார்கள். எங்கள் ஊரிலும் கடலையும் வாழையும் உண்டு. இரண்டையும் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு அது அலுத்துவிட்டது. ரசம் கேட்டார். ஒரு குஜராத்தி அம்மாவின் கடையில் புளியும் மிளகும் கிடைத்தன. யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டு, தன் வீட்டுச் சமையலறையிலேயே ரசம் வைக்க விட்டார்.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியும் மகளும் என்னைப் பார்த்து மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நர்ஸ் கிரேஸிடம் கேட்டேன். "பாவம், புருஷனுக்குக் காலில், இவளுக்கு நெற்றியில்" என்கிறார்களாம். என் குங்குமம். தொட்டுக் காட்டி விரலைத் துடைத்த பிறகுதான் நம்பினார்கள்.

மூன்றாம் நாள் மோகனன் ஒரு தாளோடு வந்தார். என் கணவரை ஊருக்கு அனுப்புவதற்கான ஏற்பாடு, குடும்பத்தார் படித்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எங்கே போட வேண்டும் என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தது. நானும் மனுதாரர்களுக்கு அப்படித்தான் போட்டுக் கொடுப்பேன். அதனால்தான் முழுதும் படித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது. சம்பவ நாள் ஹவில்தாருக்கு ஓய்வு நாள். எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல், சொந்த விருப்பத்தின் பேரில் தண்ணீர் லாரியை முகாமுக்கு வெளியே எடுத்துச் சென்றார். லாரி கண்ணிவெடியில் சிக்கியது. ஆகவே பணியின்போது ஏற்பட்ட காயமாகக் கருத இயலாது.

நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மோகனன் கெட்டவர் இல்லை. இது தற்காலிகம்தான், ஊருக்குப் போய் மேல்முறையீடு செய்துகொள்ளலாம், இங்கே தாமதித்தால் அவருக்குத்தான் கஷ்டம் என்று பொறுமையாகச் சொன்னார். தற்காலிகம் என்று எழுதின எத்தனையோ தாள்கள் அலமாரியிலேயே கிடப்பதைப் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். பணியில் இல்லை என்று ஒரு முறை எழுதிவிட்டால், செயற்கைக் காலுக்கும், ராணுவ மருத்துவமனைக் கட்டிலுக்கும், மிச்சமிருக்கும் வேலைக்கும் அவர் ஒவ்வொரு வாசலிலும் மனுவோடு நிற்க வேண்டும். வரிசையில் நிற்பவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும்.

அன்று முழுதும் அந்த ஓய்வு நாள் என்ற சொல்லையே யோசித்துக்கொண்டிருந்தேன். திருவரங்குளத்தில் ஞாயிற்றுக்கிழமை அவர் டீக்கடைக்குப் போனால் அது சொந்த வேலை. கடல் தாண்டிக் கொண்டுபோய்க் கம்பி வேலிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த வேலிக்கு வெளியே அவருக்கு என்ன சொந்த வேலை இருக்க முடியும்? அங்கே அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும் அரசாங்கம் தூங்க வைத்த இடத்தில்தான் தூங்குகிறார்.

அவரிடம் கேட்டேன். யார் போகச் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன் என்றார். வெளியே எதற்குத் தண்ணீர்? "விடு செல்வி. கையெழுத்தப் போடு. ஊருக்குப் போவோம்," என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவர் என்னிடம் பொய் சொன்னால் சுவர்ப் பக்கம்தான் திரும்புவார்.

விஷயம் கிரேஸ் மூலமாகத்தான் வந்தது. கட்டு மாற்றும்போது, "அந்த மருத்துவச்சி எப்படி இருக்கிறார்? அவர் கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள். அதே லாரியில் ஒரு பெண் இருந்தார், அவரையும் இங்கேதான் கொண்டுவந்தார்கள், இப்போது ஒரு சர்ச் விடுதியில் தங்கியிருக்கிறார் என்றாள். என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கிரேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐசக்கின் எண் என்னிடம் இருந்தது. மறுநாள் காலை அவர் என்னை அந்த விடுதிக்கு அழைத்துப் போனார். மேட்டு மேல் இருந்தது. பாதி வழியில் டாக்ஸி புகைந்து நின்றுவிட, இரண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். பக்கத்தில் சோளம் சுட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் எங்களோடு சேர்ந்து தள்ளிவிட்டு, ஆளுக்கொரு சோளக்கதிரைக் கையில் கொடுத்தார்கள்.

அந்த மருத்துவச்சி ரெபெக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். என்னைவிட ஒரு முழம் உயரம். வலது கை தோளிலிருந்து விரல் வரை கட்டு. நான் யார் என்று சொன்னதும், "அவர் பிழைத்தாரா?" என்றுதான் முதலில் கேட்டார். ஒரு மாதமாக அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மெதுவான இங்கிலீஷில், எனக்குப் புரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார். அவருடைய பிரசவ நிலையத்தில் கைப்பம்பு உடைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வலியோடு மூன்று பெண்கள் படுத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் நடந்து முகாம் வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டார். காவலில் இருந்த இளம் அதிகாரி, தண்ணீர் லாரி டிரைவருக்கு மலேரியா என்றார். பிறகு மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, யாராவது போகிறீர்களா என்று கேட்டார்.

"உங்கள் கணவர் பதில் சொல்லவில்லை," என்றார் ரெபெக்கா. "நான் திரும்பிப் பார்த்தபோது அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார்."

பாதை தெரியாது, நீங்கள் முன்னால் உட்கார்ந்து வழி காட்டுங்கள் என்று அந்த அதிகாரிதான் ரெபெக்காவை லாரியில் ஏறச் சொன்னார். பாதி வழியில் வெடித்தது. தண்ணீர் முழுதும் ரோட்டில் ஓடியது. அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டேன். "தண்ணீர் இல்லை என்றால் குழந்தை காத்திருக்குமா? பிறந்தன. மூன்றும் இருக்கின்றன. ஒரு தாய் இல்லை."

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். எழுத்தில் அனுமதி இல்லாமல் வெளியாளை ராணுவ லாரியில் ஏற்றக் கூடாது. அது தெரிந்தால் ஏறச் சொன்ன கேப்டன் மாட்டுவார். "சின்னப் பையன் அவரு. அப்பத்தான் வந்து சேந்தாரு. கெட்ட எண்ணத்துல செய்யல. அவரு பேர எழுத விடாத."

"அவரு பேர எழுதாம இருந்தா ஒங்க காலு எங்க போச்சுன்னு யாரு எழுதுவாங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் மனைவி எழுந்து வெளியே போனார்.

அவர் பிடிவாதமாக இருந்தார். தனக்கு ஒன்றும் வேண்டாம், ஊரில் ஒரு ஆட்டோ ஓட்டியாவது பிழைத்துக்கொள்வேன் என்றார். எதைக் கொண்டு ஓட்டுவீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். என் வேலையில் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான். அதில் ஒன்று, பெயரை எழுத வேண்டிய அவசியமே இல்லை என்பது. பதவியை எழுதினால் போதும். சம்பவ நாளன்று வாசல் காவலில் இருந்த அதிகாரி. அது யார் என்று தேட வேண்டியது படைப்பிரிவின் பாடு. அவரிடம் இதைச் சொன்னேன். ஏமாற்று வேலை என்றார். இல்லை, இது ஆபீஸ் வேலை என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. நான் அவர் சம்மதத்தைக் கேட்கவும் இல்லை.

ரெபெக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். லாரியில் அவர் இருந்ததை மறைக்கவில்லை. மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால் மொத்தத் தாளுமே பொய்யாகிவிடும். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இதில் உங்கள் கணவரின் கால் இருக்கிறது. என் கை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை, இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொன்னதை அப்போதுதான் அவர் சொல்லக் கேட்டேன். அவரை அழைத்து வந்த தொண்டு அமைப்பு ஒரு சிகிச்சைக்குத்தான் பொறுப்பேற்றிருந்தது. தாளின் கடைசியில் என் பெயரில் ஒரு பத்தி சேர்த்தேன். படையின் வண்டியில், படை அதிகாரி கேட்டுக்கொண்டபடி வழிகாட்ட ஏறியவர் இவர். இவருடைய சிகிச்சையையும் முடித்துக் கொடுக்கும் பொறுப்பு படைக்கு உண்டு.

மோகனன் தாளை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். முதல் பகுதியை அனுப்பலாம், கடைசிப் பத்தியை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியவில்லை என்றார். ரெபெக்கா நம் ஆள் இல்லை, நம் நாட்டவரும் இல்லை, எந்தப் பட்டியலிலும் வர மாட்டார். நான் அதை எடுக்க மறுத்தேன். மொத்தமாக அனுப்புங்கள், அவர்களே தேடிக்கொள்ளட்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "மேடம் எங்க ஆபீசில் ஜோலி செய்யணும்," என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, சப்பாத்திக்குள் முட்டையை வைத்துச் சுருட்டித் தரும் தெருக்கடையில் நின்றபோது என் போன் அடித்தது. அந்தக் கேப்டன். பெயரை இங்கேயும் எழுதவில்லை, என் கணவருக்காக. இங்கிலீஷில் பேசினார். குரல் ரொம்ப இளசு. நான்தான் போகச் சொன்னேன், அன்றைக்கே என் மேலதிகாரியிடம் வாயால் சொன்னேன் என்றார். பிறகு ஏன் தாளில் இல்லை என்று கேட்டேன்.

"என்னிடம் யாரும் எழுத்தில் கேட்கவில்லை, அம்மா. இப்போது உங்கள் தாள் வந்த பிறகுதான் கேட்டார்கள்." எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். உங்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சப்பாத்திக்காரர் என் பங்கை நீட்டிக்கொண்டே நின்றார். ஆறிப்போன பிறகுதான் வாங்கினேன்.

மேலும் ஒரு வாரம் கழித்துப் புதிய தாள் வந்தது. காயம் பணியின்போது ஏற்பட்டது என்று இருந்தது. பென்சில் குறி எதுவும் இல்லை. அதே கவரில் இன்னொரு தாளும் இருந்தது. அனுமதியின்றி வெளியாளை வண்டியில் ஏற்றியதற்காக ஹவில்தார் பழனிவேலுக்கு எழுத்து மூலம் கண்டிப்பு. கேப்டனிடம் விளக்கம் கேட்டிருப்பதாக மோகனன் சொன்னார். கடைசிப் பத்தியைப் பற்றி இரண்டு தாளிலும் ஒரு வரியும் இல்லை.

நான் கையெழுத்துப் போட்டேன். என் கணவர் அன்று முழுதும் என்னோடு பேசவில்லை. ரசத்தையும் குடிக்கவில்லை. மறுநாள் தானாகவே, "அவருக்கு வேலை போயிருமா?" என்று கேட்டார். போகாது என்று நினைக்கிறேன் என்றேன். எனக்கு அது உண்மையிலேயே தெரியாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் ரெபெக்கா மருத்துவமனைக்கு வந்தார். கட்டிலருகே வந்து நின்று அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை ஏழெட்டு வார்த்தைதான். இவர் ரெபெக்காவின் கையைக் காட்டிக் கேட்டார். அவர் இவருடைய காலைக் காட்டிக் கேட்டார். என் கணவர், "பம்பு? வாட்டர்?" என்றார். இன்னும் சரியாகவில்லை என்று ரெபெக்கா தலையாட்டினார். அடுத்த வாரம் பஸ்ஸில் திரும்பிப் போகப் போவதாக என்னிடம் சொன்னார். அந்தக் கையோடு எப்படி என்று கேட்டேன். "பக்கத்தில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் சொல்லுவேன், அவள் கை செய்யும். போகாவிட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்?" மீதமிருந்த பருப்புப்பொடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எதற்கு என்று தெரியவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் யாழினியிடம் அவரே சொன்னார். நான் அடுக்களையில் இருந்தேன். பிறகு அவள் வந்து, அப்பாவுக்குத் தலையணை வேண்டுமாம் என்று கேட்டு எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு ராணுவ மருத்துவமனையில் மூன்று மாதம். செயற்கைக் கால் பொருத்தினார்கள். பணியில் காயம்பட்டவர் என்று தாளில் இருந்ததால் எந்த வாசலிலும் எங்களை நிற்க வைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். இப்போது அவருக்குத் திருச்சியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறார்.

கேப்டனுக்கு ஒரு கண்டிப்போடு முடிந்தது என்று மோகனன் போனில் சொன்னார். ரெபெக்கா ஒரு முறை ஒரு படம் அனுப்பியிருந்தார். பம்பு சரியாகிவிட்டது. பம்பை அடிப்பது வேறு யாரோ. அவர் பக்கத்தில் நிற்கிறார். வலது கை இடுப்போடு ஒட்டி இருந்தது.

அந்தக் கடைசிப் பத்திக்காக நான் ஆடியில் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். ஐப்பசியில் ஒன்று. தை பிறந்ததும் ஒன்று. ஒவ்வொன்றிலும் முந்தினதின் நகலை இணைத்தேன். மூன்றாவதற்கு மட்டும், பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நானே எத்தனையோ முறை எழுதின வரி. பங்குனியில் நான்காவதை எழுதி மேசையில் வைத்திருந்தபோது ஊருக்கு வந்திருந்த அவர் எடுத்துப் படித்தார். என் பெயருக்குக் கீழே தன் பெயரையும் பதவியையும் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சர்வீஸில் இருக்கிறவர், ஏற்கெனவே ஒரு கண்டிப்பு வாங்கினவர், இதில் போடலாமா என்று கேட்டேன்.

பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, "நான்தானே அவங்கள வண்டியில கூட்டிட்டுப் போனேன்," என்றார்.